நாலு வார்த்தை... ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்!

இந்த வாரம் எங்க ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதுறதாத்தான் பிளான். அதுல போட்ட பருப்பு எங்கே போகுதுன்னு ஒரு புலனாய்வு ரிப்போர்ட்டே ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அதுக்குள்ள எடிட்டர் சார் ஒரு லெட்டரைத் தூக்கி என் டேபிள்ல போட்டார். சிவகாசி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. 'எங்க அண்ணன் பைக்ல போகும்போது ஒரு கார் மோதி கை உடைஞ்சிருச்சு. எங்க பைக்குக்கு இன்ஷூரன்ஸ் முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. அதனால நஷ்ட ஈடு கேட்கவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?'

நிஜம் இல்லைங்க. தாராளமா கேட்கலாம். மோதினது கார், தப்பு காரு மேலன்னா, பணம் கொடுக்க வேண்டியது அந்தக் காரோட இன்ஷூரன்ஸ் கம்பெனி. உங்க அண்ணன் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இல்லாதது தனிக் குற்றம். அதுக்கு ஃபைன் உண்டு, கட்டித்தான் ஆகணும். ஆனா, அதைக் காட்டி 'உடைஞ்ச கைக்குக் காசு கிடையாது'ன்னு எந்த கம்பெனியும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் 'தேர்ட் பார்ட்டி' இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கி வெச்சிருக்கறதே இதுக்குத்தான். ஃபர்ஸ்ட் பார்ட்டி கார்க்காரர், செகண்ட் பார்ட்டி கம்பெனி. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கற உங்க அண்ணன்தான் அந்த மூணாவது ஆள்!

சட்டம் படிக்காத, மெக்கானிக்கல் படிக்கிற, அதுலயும் ரெண்டு அரியர் வெச்சிருக்கற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? அதைச் சொல்லணும்னா நான் ஒரு பொய்யை ஒப்புக்கணும். ரெண்டு வருஷமா ஹாஸ்டல்ல நாலே பேருக்குத் தெரிஞ்ச விஷயம் அது.

என் ரூம்மேட் ராஜபாளையம் பக்கத்து ஆளு. 'பேரைப் போட்டே... மவனே, செத்தே!'ன்னு மிரட்டியிருக்கான். அதனால இங்கே அவன் பேரு 'மாப்ள'. ஃபர்ஸ்ட் இயர், ரெண்டாவது செமஸ்டர். எங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க பைக்கைத் தொடவே கூடாது. தொடக் கூடாதுன்னு சொன்னா சும்மா இருப்போமா? ஒரு ராத்திரி சீனியர்கிட்ட பைக்கைக் கடன் வாங்கி, நாமக்கல் பைபாஸ்ல பரோட்டா சாப்பிடக் கிளம்பிட்டோம். மாப்ள ஓட்டினான். அவன்கிட்ட லைசென்ஸ் இருந்தது, தலையில ஹெல்மெட்டும் இருந்தது. பின்னாடி உட்கார்ந்த எனக்கு? கெத்து மட்டும்தான் இருந்தது.

எங்களுக்கு முன்னால ஒரு வெள்ளைக் கார். இண்டிகேட்டரும் இல்லை, ஒண்ணும் இல்லை, சென்டர் மீடியன்ல இருந்த கேப்பைப் பார்த்ததும் சட்டுனு ரைட்ல திரும்பிடுச்சு. எதிர்ப்பக்கம் இருந்த ஹோட்டலுக்குப் போகணுமாம். மாப்ள பிரேக் அடிச்சான். பைக்கோட முன் சக்கரம் காரோட பின் கதவுல போய் இடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. எனக்கு முழங்கை தேஞ்சதோட சரி. மாப்ளயோட இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு தினுசா மடங்கிக் கிடந்துச்சு.

அந்த கார்க்காரரைத் திட்டலாம்னு பார்த்தா, மனுஷன் அவ்ளோ நல்லவரா நடந்துக்கிட்டார். அவரேதான் மாப்ளயைத் தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போற வழியில, "தம்பி, போலீஸ், கேஸுன்னு போனா உங்களுக்கும் சிரமம், எனக்கும் சிரமம். மொத்த செலவையும் நான் பார்த்துக்கறேன். நம்புங்க"ன்னு சொன்னார். பர்ஸைத் திறந்து 5,000 ரூபாயை என் கையில திணிச்சார். எனக்கோ போலீஸை விட வார்டன் பயம். காலேஜுக்குத் தெரிஞ்சா சஸ்பெண்ட், சீனியரும் மாட்டுவான், வீட்டுக்கும் லெட்டர் போகும்.

கேஷுவாலிட்டியில டியூட்டி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காம கேட்டார்: "எப்படி ஆச்சு?"

"பைக் ஸ்லிப் ஆயிருச்சு சார்."

அவ்ளோதான். நாலே வார்த்தை. அவர் ஒரு பெரிய ரிஜிஸ்டர்ல அதை எழுதிக்கிட்டார். அந்த கார்க்காரர் என் தோள்ல ஒரு தட்டு தட்டினார். நான் ஏதோ பெரிய ராஜதந்திரம் பண்ணிட்ட மாதிரி மாப்ளயைப் பார்த்துக் கண்ணடிச்சேன். அவன் வலியில கத்திக்கிட்டிருந்தான்.

மூணாவது நாள் கார்க்காரரோட போன் ஸ்விட்ச்டு ஆஃப்.

*

மாப்ளயோட அப்பா தறி ஓட்டுறவர். சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போடற பேண்டேஜ் துணி நெய்வாங்க தெரியுமா, அந்தத் தறி. காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் உடைஞ்சதால பிளேட் வெச்சு ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி பில், மருந்து, அப்புறம் பிசியோதெரபின்னு மொத்தம் 2,10,000 ரூபாய். ஊர்ல வட்டிக்கு வாங்கிட்டு வந்தார். வார்டு பெஞ்ச்ல உட்கார்ந்து மகன் கால்ல சுத்தியிருந்த கட்டுத் துணியை விரலால தடவிப் பார்த்தார். "இது நம்ம பக்கத்துத் துணிதான் தம்பி"ன்னு மட்டும்தான் சொன்னார். எனக்கு அங்கே இருக்க முடியல. வெளியே போயிட்டேன்.

வெளியே போனா அங்கே ஒருத்தர் விசிட்டிங் கார்டோட நிக்கறார்! "ஆக்ஸிடென்ட் கேஸா தம்பி? நாங்களே எல்லாம் பார்த்துப்போம். வர்ற பணத்துல 30 பர்சென்ட் மட்டும் கொடுத்தா போதும். இந்தப் பேப்பர்ல அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க." பேப்பரை வாங்கிப் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளை! வக்கீல்கள் ஜெயிக்கிற பணத்துல பங்கு பேசி ஃபீஸ் வாங்கக் கூடாதுங்கறது பார் கவுன்சிலோட விதி. அப்போ எனக்கு அது தெரியாது. ஆனா, எங்க ஹாஸ்டல்ல வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கற ஒரே ஆள் வார்டன்தான். அது எங்கே போய் முடியும்கறது நல்லாத் தெரியும். அதனால தப்பிச்சோம்.

என் கிளாஸ்மேட் ஒருத்தியோட சித்தப்பா வக்கீல். அவர்தான் போன்லயே முதல் பாடம் எடுத்தார். "முதல்ல எஃப்.ஐ.ஆர். போடுங்க தம்பி. கார் நம்பர் இருக்கா?"

இருந்துச்சு! அதுவும் என் புத்திசாலித்தனம் இல்லை. மாப்ள ரோட்டோரமா உட்கார்ந்திருந்தப்போ, இன்னொரு ரூம்மேட்டை உதவிக்கு வரச் சொல்றதுக்காக ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அதுல மாப்ளக்குப் பின்னால நசுங்கின கதவும் நம்பர் பிளேட்டும் பளிச்சுனு விழுந்திருந்தது. எம்-பரிவாகன் ஆப்ல அந்த நம்பரைத் தட்டினா, இன்ஷூரன்ஸ் எந்த கம்பெனி, எந்தத் தேதி வரைக்கும்னு வந்துடுச்சு. அதே தைரியத்துல எதிர்ல இருந்த பெட்ரோல் பங்க்குக்கும் போய் சிசிடிவி கேட்டேன். அதுல ரோடே தெரியலை. பெட்ரோல் போடறவர் தலைதான் தெரிஞ்சது.

விபத்து நடந்து ஆறாவது நாள் எஃப்.ஐ.ஆர். "ஆறு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"ன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்தோம்னு எழுதிக் கொடுத்தோம். லேட்டாப் புகார் கொடுத்ததை மட்டுமே காரணமாக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011-லயே சொல்லியிருக்காம். அடிபட்டவன் முதல்ல உயிரைப் பார்ப்பானா, ஸ்டேஷனுக்கு ஓடுவானா? நியாயம்தானே!

போலீஸ் விசாரணையில கார்க்காரர் கிடைச்சுட்டார். மாஜிஸ்திரேட் கோர்ட்ல தப்பை ஒப்புக்கிட்டு ஃபைனும் கட்டிட்டார். எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியாத விஷயம் ஒண்ணு உண்டு. அந்த மனுஷன் எதுக்கு ஓடினார்? எங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காகத்தான் வருஷா வருஷம் அவர் பிரீமியம் கட்டிட்டு இருக்கார். தேர்ட் பார்ட்டிக்குப் பணம் கொடுத்ததால அவரோட 'நோ க்ளெய்ம் போனஸ்'கூடப் போகாது. அது அவரோட சொந்தக் கார் ரிப்பேருக்கு க்ளெய்ம் பண்ணினாத்தான் போகும். கிரிமினல் கேஸ் இருக்கத்தான் செய்யும். ஆனா, பணத்துக்குப் பயந்து ஓடினார்னா அது தேவையே இல்லாத ஓட்டம்.

*

அப்புறம் கேஸ். கோர்ட் பாஷையில 'எம்.சி.ஓ.பி.' விபத்து நாமக்கல்லில் நடந்தாலும், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. இது எவ்ளோ பெரிய நிம்மதி தெரியுமா? இல்லேன்னா அந்த அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தறியை நிறுத்திட்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல போட்டோம். எதிர்த்தரப்புல கார் ஓனரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும்.

இங்கே ஒரு அலாரம் அடிச்சுடறேன். முன்னாடி இந்த கேஸ் போட காலக்கெடுவே இல்லாம இருந்தது. 2019-ல சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1-லருந்து ஆறு மாசம்னு ஆக்கிட்டாங்க. அந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு. அது எப்படி வேணா முடியட்டும். நீங்க 'கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு உட்கார்ந்துடாதீங்க. சிவகாசி தங்கச்சி, காலண்டர்ல முதல்ல இதைக் குறிச்சு வைங்க. வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு ஒண்ணு கோர்ட் வளாகத்துலயே இருக்கும். 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

சரி, பணத்தை எப்படிக் கணக்குப் போடறாங்க? எனக்கு இதுலதான் செம இன்ட்ரஸ்ட். ஏன்னா, இது நிஜமாவே ஒரு ஃபார்முலா! மாச வருமானம் இன்ட்டு 12, இன்ட்டு எத்தனை சதவீத வருமானம் போச்சோ அது, இன்ட்டு வயசுக்கு ஏத்த ஒரு எண். அந்த எண்ணுக்கு 2009-ல சுப்ரீம் கோர்ட் ஒரு டேபிளே போட்டுக் கொடுத்திருக்கு. 'சரளா வர்மா' கேஸ்னு சொன்னா எந்த வக்கீலும் தூக்கத்துல இருந்து எழுந்து ஒப்பிப்பார். 15-ல இருந்து 25 வயசு வரைக்கும் 18. 26-ல இருந்து 30 வரைக்கும் 17. வயசு ஏற ஏறக் குறையும். அறுபதைத் தாண்டினா 7. நம்ம செமஸ்டர் மார்க் மாதிரியே இறங்குமுகம்தான்.

'நாங்க ஸ்டூடன்ட். சம்பளமே இல்லையே, ஜீரோ இன்ட்டு எதுவும் ஜீரோதானே?'ன்னு மாப்ள கேட்டான். அதுக்கு வக்கீல் சார் ஒரு தீர்ப்பைக் காட்டினார். 2010-ல வந்தது. ராஞ்சி பக்கம் மெஸ்ராவுல இருக்கற பிர்லா இன்ஸ்டிட்யூட்ல ஃபைனல் இயர் படிச்சிட்டிருந்த ஒரு மாணவர். நம்ம ஜாதிதான், மெக்கானிக்கல்! விபத்துல 70 சதவீத ஊனம். சம்பாதிக்கவே ஆரம்பிக்கலை. ஆனா, படிப்பை முடிச்சிருந்தா வருஷத்துக்கு 60,000 ரூபாயாவது சம்பாதிச்சிருப்பார்னு எடுத்துக்கிட்டாங்க. விபத்து நடந்தது 1993-ல, அதனால அந்தத் தொகை. அதுல 70 சதவீதம் 42,000. அதை 18-ஆல் பெருக்கி 7,56,000 ரூபாய், எதிர்கால வருமான இழப்புக்கு மட்டும். இதைப் படிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி ரூம்ல நாங்க யாரும் பேசலை. எங்க சர்க்கிள்ல யாருக்கும் இன்னும் ஆஃபர் லெட்டர் வரலை, அதுக்கு முன்னாடியே எங்களுக்கு ஒரு விலை இருக்குன்னு ஒரு கோர்ட் எழுதி வெச்சிருக்கு.

டாக்டர் கொடுக்கற ஊன சதவீதத்தை அப்படியே ஃபார்முலாவுல போட முடியாது. மாப்ளக்கு மெடிக்கல் போர்டு கொடுத்தது 25 சதவீதம். அது அந்தக் காலுக்கு. 'அந்த ஊனத்தால உன் சம்பாத்தியம் எவ்ளோ குறையும்?'ங்கறதுதான் கேள்வின்னு 2010-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. ஒரே மாதிரி கால் போனாலும், லாரி டிரைவருக்கு அது பிழைப்பே போன மாதிரி, ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதறவருக்கு அப்படி இல்லை. அதனால மாப்ளக்கு 10 சதவீதம்னு வெச்சுக்கலாம்னார் வக்கீல் சார். மாசம் 12,000 ரூபாய்னு ஒரு உத்தேச வருமானம். சொந்தத் தொழில் பண்றவங்களுக்கும் நிரந்தர வேலை இல்லாதவங்களுக்கும் 40 வயசுக்குள்ளேன்னா எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டணும்னு 2017-ல வந்த தீர்ப்பு. எல்லாம் பெருக்கினா 3,62,880 ரூபாய். மருத்துவச் செலவு 2,10,000. வலி, வேதனைக்கு 50,000. கூட இருந்து பார்த்துக்கிட்டது, போக்குவரத்து, சத்தான சாப்பாடு எல்லாத்துக்கும் 40,000. ஒரு வருஷப் படிப்பு போனதுக்கு 50,000. ஆக மொத்தம் 7,12,880. ஜெயிச்சா, மனு போட்ட நாள்ல இருந்து வட்டியும் உண்டு. நம்ம பக்கத்துல பெரும்பாலும் 7.5 சதவீதம் கொடுக்கறாங்க.

கணக்கை எழுதி முடிச்சிட்டு வக்கீல் சார் கண்ணாடியைக் கழட்டினார். "ஆனா தம்பி, இந்த ஏ.ஆர். காப்பியில 'டூ வீலர் ஸ்கிட்'னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

ஏ.ஆர். காப்பின்னா ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர். அன்னிக்கு டாக்டர் எழுதின அந்தப் பெரிய நோட்டு. விபத்து கேஸ்ல முதன்முதலா எழுதப்படற பேப்பர் அதுதான். அதுக்கப்புறம் வர்ற எஃப்.ஐ.ஆர்., மகஜர், ஸ்கெட்ச், சார்ஜ் ஷீட்... எல்லாத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி இந்த ஒரு வரியை வெச்சுத்தான் உரசிப் பார்க்கும்.

"நான்தான் சார் சொன்னேன்"னு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

*

இப்படித்தான் நான் 'பி.டபிள்யூ.-2' ஆனேன். அதாவது, மனுதாரர் தரப்பு ரெண்டாவது சாட்சி. ஒரு திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட்டை விட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிஞ்சதும் கும்பிட்டுக்கிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. கோர்ட்டுன்னா சினிமா மாதிரி 'ஆர்டர்... ஆர்டர்...'னு சுத்தியால தட்டுவாங்கன்னு நினைச்சா, ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. டவாலி என் பேரைக் கூப்பிட்டார். சத்தியப் பிரமாணம் எடுத்தேன். பொய் சொன்னவனே வந்து சத்தியம் பண்றேன்! குரல் வெளியே வரலை.

இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் கத்தவே இல்லை. ரொம்ப மரியாதையா, "நீங்க படிச்ச பையன் இல்லையா?"ன்னு ஆரம்பிச்சார்.

"ஆமா சார்."

"டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்போ டாக்டர்கிட்ட சொன்னது உண்மை. இன்னிக்கு ஃப்ரெண்டுக்காக இங்கே சொல்றதுதான் பொய். சரியா?"

"இல்லை சார். அன்னிக்கு சொன்னதுதான் பொய்."

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"அவன் போட்டிருந்தான் சார். நான் போடலை."

"ராத்திரி பத்து மணிக்கு, ஹாஸ்டலுக்குத் தெரியாம, அடுத்தவர் பைக்ல, வேகமாப் போய் நீங்களாவே விழுந்துட்டீங்கன்னு சொல்றேன்."

"தெரியாமப் போனது நிஜம் சார். நாங்களா விழலை. கார் திரும்புச்சு." போட்டோவையும் அங்கே ஆவணமாக் காட்டியிருந்தோம். நசுங்கின கதவைக் காட்டி, "பைக் தானா ஸ்லிப் ஆயிருந்தா இது எப்படி சார் நசுங்கும்?"னு கேட்டுட்டேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து, "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க"ன்னார். வைவாவில எக்ஸ்டர்னல் சொல்ற அதே டயலாக்!

வெளியே வந்ததும் வக்கீல் சார், "பரவாயில்லை, நின்னுட்டீங்க"ன்னார். இந்த மாதிரி கேஸ்ல கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பார்த்தாப் போதும். கார்க்காரர் ஃபைன் கட்டினது, போட்டோ, சார்ஜ் ஷீட் எல்லாம் நம்ம பக்கம். "ஆனா, அந்த ஒரு வரி இருக்கே, அது கடைசி வரைக்கும் உறுத்தும்"னும் சொன்னார்.

உறுத்துச்சு. அடுத்து வந்த லோக் அதாலத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆபீசர் ஃபைலோட உட்கார்ந்திருந்தார். ஏழு லட்சத்துச் சொச்சக் கணக்கைப் பார்த்தார், பெருசா மறுக்கலை. அப்புறம் ஏ.ஆர். காப்பியைத் திருப்பி எங்க பக்கம் தள்ளினார். "இது இருக்கறப்போ எங்க மேலிடத்துல முழுசா ஒத்துக்க மாட்டாங்க சார். பையன் மேலயும் தப்பு இருக்குன்னு கால் பங்கு கழிப்பாங்க. கேஸை நடத்தினா நாங்க அப்பீல் போவோம். இன்னும் மூணு, நாலு வருஷம் ஆகும். இப்பவே முடிக்கறீங்களா?" பேசிப் பேசி 5,25,000 ரூபாய்க்கு வந்து நின்னது.

லோக் அதாலத்துல கையெழுத்துப் போட்டா அதுதான் முடிவு, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. வக்கீல் சார், "கேஸ் நடத்தினா கூடவும் வரலாம், குறையவும் வரலாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்கண்ணே"ன்னார். எனக்கு 'வேணாம்ப்பா, நடத்துங்க'ன்னு கத்தணும் போல இருந்துச்சு. ஆனா, ஊர்ல வட்டி ஓடிட்டிருக்கறது எனக்கா தெரியும்? அவர் ரெண்டு நிமிஷம் மகன் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுட்டார். அவர் பண்ணினது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். வட்டி கட்டறவருக்கு இன்னிக்கு வர்ற அஞ்சும், நாலு வருஷம் கழிச்சு வர்ற ஏழும் ஒண்ணு இல்லை. தீர்ப்பு வந்தும் பணம் கொடுக்காம இழுத்து, அரசு பஸ்ஸை ஜப்தி பண்ணி கோர்ட் வாசல்ல நிறுத்தற போட்டோவை பேப்பர்ல எத்தனை தடவை பார்த்திருக்கோம்? பஸ்ஸுக்கே அந்தக் கதின்னா!

ஆனா, என் கணக்கு வேற. 7,12,880-ல கால் பங்கு 1,78,220 ரூபாய். நான் டாக்டர்கிட்ட சொன்னது நாலு வார்த்தை. வார்த்தைக்கு 44,555 ரூபாய். 'சார்'ங்கற வார்த்தைக்கும் சேர்த்துத்தான்.

சிவகாசி தங்கச்சி, நீங்க அண்ணனோட ஏ.ஆர். காப்பியை முதல்ல ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிப் படிங்க. அதுல கார் மோதினதாத்தான் இருக்கான்னு பாருங்க. வேற மாதிரி இருந்தா இப்பவே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க. கிராஸ்ல எதிர்த்தரப்பு சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. பில் ஒவ்வொண்ணையும், மெடிக்கல் ஷாப் துண்டுச் சீட்டு உட்பட, ஒரிஜினலா எடுத்து வைங்க. எங்களுக்கு 9,000 ரூபாய் பில் மழையில போச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில இருந்து விசாரிக்க வர்றவர் எவ்ளோ நல்லவரா பேசினாலும், எழுதினதை முழுசாப் படிக்காம அண்ணன் கையெழுத்துப் போட வேண்டாம். ஒருவேளை அண்ணன்கிட்ட லைசென்ஸ் இல்லைன்னாலும் இடிஞ்சு போயிடாதீங்க. லைசென்ஸ் இல்லாததாலயே விபத்துக்கு அவர்தான் காரணம்னு ஆயிடாதுன்னு 2008-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. (இதைப் படிச்சிட்டு லைசென்ஸ் இல்லாம வண்டி எடுக்கற தம்பிகளே... உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்.)

மாப்ள இப்போ எங்க ஜூனியர். ஒரு வருஷம் போயிருச்சுல்ல, அதனால எங்களை 'அண்ணா'ன்னு கூப்பிட்டு வெறுப்பேத்தறான். மூணாவது மாடி கேட் லேப்புக்கு ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுப்பான். என் பொய்யைப் பத்தி அவன் இது வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை. நான்தான் ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் "விடு மாமா, பரோட்டா நான்தானே கேட்டேன்"னுட்டான்.

லோக் அதாலத் முடிஞ்ச அன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல அவங்க அப்பா ஒரு கடைக்குப் போயிட்டு வந்தார். அரைக் கிலோ பால்கோவா, சூடு இன்னும் ஆறலை. "ரெண்டு தடவை நமக்காக அலைஞ்சிருக்கீங்க தம்பி. ஹாஸ்டல்ல பசங்களுக்கும் கொடுங்க"ன்னு என் கையில வெச்சார். ஏ.ஆர். காப்பி விஷயம் அவருக்கும் தெரியும். அவர் முன்னாடிதானே அந்த ஆபீசர் படிச்சார். நான் வாங்கிக்கிட்டேன். பஸ்ஸுல மடியிலேயே வெச்சிருந்தேன், மதுரை தாண்டியும் பிரிக்கலை.